ஏற்காட்டு மழைக்கு எந்த வாக்கி டாக்கி?

நாகலூர் தோட்டம் | 2025 அக்டோபர் 3, இரவு 9.40

ஐப்பசி மழை வரப்போகுது. போன டிசம்பர் ஃபெஞ்சல் மழையில மலைப்பாதையில மண் சரிஞ்சு போக்குவரத்து நின்னது எல்லாருக்கும் ஞாபகம் இருக்கும். கரண்டு போய், டவர் பேட்டரியும் தீர்ந்துட்டா செல்போன் வெறும் டார்ச்சுதான். தோட்டத்து வீடு, காப்பிக் களம், பள்ளத்துல தொழிலாளருங்க இருக்கிற லைன் வீடுக, இந்த மூணுக்கும் நடுவுல பேசணும். முடிஞ்சா மலைக்குக் கீழ கொண்டப்பநாயக்கன்பட்டியில தம்பி வீட்டுக்கும். கடையில 5 வாட், 10 கிலோமீட்டர் எடுக்கும்னு ஒரு செட் காட்டுறாங்க. அரை வாட் செட்டு பொம்மைங்கிறாங்க. 5 வாட் வாங்கிடலாமா?

அடிவாரம் | அக்டோபர் 3, இரவு 10.55

வேண்டாங்க. ரெண்டு காரணம். ஒன்று சட்டம், இன்னொன்று மலை. மலையே பெரிய காரணம், அதை முதலில் சொல்கிறேன்.

சிக்னல் எவ்வளவு கூடுகிறது, குறைகிறது என்பதை அளக்கும் அலகு டெசிபெல். அரை வாட்டுக்கும் 5 வாட்டுக்கும் உள்ள வித்தியாசம் 10 டெசிபெல். தடையில்லாத வெளியில் தூரம் இரட்டிப்பானால் 6 டெசிபெல் போகும். ஆக, பத்து மடங்கு வாட் கொடுத்து வாங்குவது மூன்று மடங்கு தூரம், அதுவும் நடுவில் ஒன்றுமே இல்லாவிட்டால். உங்கள் களத்துக்கும் பள்ளத்து வீடுகளுக்கும் நடுவில் ஒரு பாறை முகடு நின்றால் அது ஒன்றே 20, 30 டெசிபெல்லை விழுங்கிவிடும். 5 வாட்டும் அங்கே ஊமைதான்.

பெட்டியில் போட்டிருக்கும் '10 கிலோமீட்டர்' எங்கிருந்து வருகிறது? ஆன்டெனாவின் உயரத்தை மீட்டரில் எடுத்து, வர்க்கமூலம் கண்டு, 4.12 ஆல் பெருக்கினால் அந்த ஆன்டெனாவின் வானொலி அடிவானம் கிலோமீட்டரில் கிடைக்கும். ஒன்றரை மீட்டர் உயரத்தில் பிடித்தால் 5. எதிரில் இருப்பவருக்கும் 5. மொத்தம் 10. மேஜை மாதிரி சமவெளியில், மரமும் வீடும் இல்லாத இடத்தில். சேர்வராயன் மலையில் அப்படி ஒரு இடம் எங்கே இருக்கிறது?

இதையே திருப்பிப் பாருங்கள். லேடீஸ் சீட் காட்சிமுனையின் விளிம்பில் நின்று சேலம் ஊரைப் பார்த்துப் பேசினால், நேர்கோட்டில் 12 கிலோமீட்டர் என்று வைத்துக்கொண்டாலும், வழியில் இழப்பது 107 டெசிபெல்தான். அரை வாட் செட்டுக்கு அதற்கு மேலும் 30 டெசிபெல் கையிருப்பு இருக்கும். பொம்மை என்கிற அதே செட் அங்கே ஊர் வரைக்கும் எட்டும். கிளியூர் அருவிப் பள்ளத்தில் இறங்கினால் 300 மீட்டருக்கும் எட்டாது. மலையில் வாட்டை விலைக்கு வாங்காதீர்கள், நிற்கிற இடத்தைத் தேடுங்கள்.

சட்டம் நாளைக்கு எழுதுகிறேன்.

அடிவாரம் | அக்டோபர் 4, காலை 6.20

இந்தியாவில் உரிமம் இல்லாமல் பேசக்கூடிய வாக்கி அலைவரிசை 446.0 முதல் 446.2 மெகாஹெர்ட்ஸ் வரை. 2018 விதிகளில் வந்தது. அரை வாட்தான். அந்த இடைவெளிக்குள் 16 சேனல்: முதலாவது 446.00625, கடைசி 446.19375, ஒவ்வொன்றுக்கும் நடுவில் 12.5 கிலோஹெர்ட்ஸ். பழைய செட்டுகளில் 8 சேனல்தான் இருக்கும், 446.09375 வரை. எட்டும் பதினாறும் கலந்து வாங்கினால் ஒன்றிலிருந்து எட்டுக்குள் ஒன்றைப் பேசும் சேனலாக வைத்துக்கொள்ளுங்கள்.

கடைக்காரர் காட்டுகிற 5 வாட் செட் பெரும்பாலும் 136–174, 400–520 இரண்டிலும் எங்கே வேண்டுமானாலும் பேசும் வகை. அது ஹாம் (அமெச்சூர் வானொலி) உரிமம் உள்ளவர்களுக்கோ, தனியாக அலைவரிசை ஒதுக்கீடு வாங்கிய நிறுவனங்களுக்கோ ஆனது. உரிமம் இல்லாமல் கையில் வைத்திருப்பதே சிக்கல். தெரியாமல் திருகிப் பேசினால் காவல்துறை, தீயணைப்பு பேசுகிற இடத்தில் போய் விழும். வெள்ள நேரத்தில் அது இன்னொருவர் உயிரோடு விளையாடுவது.

வாங்கும்போது பார்க்க வேண்டியது: 446 என்ற எண், அரை வாட் என்ற அளவு, மத்தியத் தொலைத்தொடர்புத் துறையின் கருவி வகை ஒப்புதல் எண். மூன்றும் செட்டிலோ பெட்டியிலோ இருக்க வேண்டும். இணையத்தில் விற்பவர்கள் அலைவரிசையையும் உரிமம் தேவையா என்பதையும் பக்கத்திலேயே தெரிவிக்க வேண்டும் என்று மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2025 மே மாதம் நெறிமுறை வெளியிட்டிருக்கிறது. 'லைசென்ஸ் ஃப்ரீ' என்று எழுதிவிட்டு அலைவரிசை போடாத பக்கத்தைத் தாண்டிப் போங்கள்.

அமெரிக்காவில் இருந்து மச்சான் கொண்டுவந்து கொடுத்த செட் என்றால் அது 462, 467 மெகாஹெர்ட்ஸ். அங்கே சரி, இங்கே உரிமமில்லாத அலைவரிசை அல்ல. ஐரோப்பாவில் வாங்கியது பெரும்பாலும் 446தான்.

நாகலூர் தோட்டம் | அக்டோபர் 4, காலை 8.05

சரிங்கண்ணா, 446 தான். பேட்டரி எந்த வகை பாக்கட்டும்? நாலு நாள் கரண்டு இல்லாம ஓடணும்.

அடிவாரம் | அக்டோபர் 4, மதியம் 1.30

பென்சில் செல் போடுகிற செட் வாங்குங்கள். எங்கேயும் கிடைக்கும், சார்ஜர் வேண்டாம், பெட்டிக்கடையில் கூட வாங்கலாம்.

அடிவாரம் | அக்டோபர் 5, காலை 7.15

நேற்று மதியம் அவசரத்தில் எழுதியதைத் திருத்துகிறேன். பென்சில் செல் என்று பொதுவாகச் சொன்னது தப்பு.

பெட்டிக்கடை செல் போட்டு மூடி, ஆறு மாதம் அலமாரியில் வைத்தால் கசிந்து ஸ்பிரிங்கைத் தின்றுவிடும். மழை நாளில் திறந்தால் பச்சையும் வெள்ளையுமாகப் பூத்திருக்கும். செட்டுக்குள் செல்லைப் போட்டு வைக்கவே கூடாது, பக்கத்தில் தனியாக டப்பாவில் இருக்க வேண்டும். சார்ஜ் ஏற்றும் நிக்கல் வகை பென்சில் செல், அதிலும் வைத்த இடத்திலேயே சார்ஜ் இறங்காத வகை, 2000 மில்லியாம்பியர்மணி, ஒரு செட்டுக்கு இரண்டு ஜோடிக்கட்டு. மெலிந்த செல் போடுகிற குட்டி வகை வேண்டாம், கொள்ளளவு பாதிகூட வராது.

லித்தியம் பேட்டரி செட்டும் மோசமில்லை. கணக்கு இதோ. 1500 மில்லியாம்பியர்மணி பேட்டரி. சும்மா கேட்டுக்கொண்டிருக்கையில் 40 மில்லியாம்பியர், குரல் வரும்போது 150, பேசும்போது 500 என்று வையுங்கள். நூற்றுக்குத் தொண்ணூறு பங்கு சும்மா, ஐந்து கேட்பது, ஐந்து பேசுவது என்றால் சராசரி 70க்குப் பக்கம். 21 மணி நேரம். நாலு நாள் ஓடாது.

ஆனால் ஏன் நாள் முழுக்கத் திறந்து வைக்க வேண்டும்? மணிக்கு ஒருமுறை, முள் 12இல் நிற்கும்போது திறந்து, பத்து நிமிடம் கேட்டு, அணைத்துவிட்டால் அதே பேட்டரி ஐந்து நாள் தாண்டும். இதை எல்லா வீட்டிலும் கடிகாரத்துக்குக் கீழே எழுதி ஒட்டுங்கள். கேட்க ஆள் இல்லாத நேரத்தில் கூப்பிட்டுக் கூப்பிட்டே பாதிப் பேட்டரி தீர்கிறது.

லித்தியத்தை முழுசாக ஏற்றி மாதக்கணக்கில் வைக்காதீர்கள், பாதி போதும். மழை எச்சரிக்கை வந்தவுடன் முழுசாக ஏற்றுங்கள்.

பட்டறை | அக்டோபர் 5, மாலை 6.50

டைப் சி ஓட்டை உள்ள செட்டுல ஒரு கோளாறு அடிக்கடி வருதுங்க. சார்ஜே ஏறலைனு கொண்டு வருவாங்க, செட்டு நல்லாத்தான் இருக்கும். ரெண்டு பக்கமும் டைப் சி உள்ள வயர் போட்டிருப்பாங்க. விலை மலிஞ்ச செட்டுல 5.1 கிலோ ஓம் ரெசிஸ்டர் ரெண்டு வைக்காம விட்டுடறாங்க, அதனால சார்ஜர் மின்சாரமே விடாது. ஒரு பக்கம் பழைய சப்பை யூஎஸ்பி, மறு பக்கம் டைப் சி உள்ள வயர் போட்டா ஏறிடும். பவர் பேங்க் கூட அந்த வயரைக் கட்டி வைங்க.

அடிவாரம் | அக்டோபர் 5, இரவு 7.10

இதைப் புயலுக்கு முன்னாலேயே தெரிந்துகொள்வது எவ்வளவு நல்லது. பட்டறைக்கு நன்றி.

தண்ணீரையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன். ஐபி54 என்றால் சாரல் தாங்கும். ஐபி67 என்றால் ஒரு மீட்டர் தண்ணீரில் அரை மணி நேரம். ஏற்காட்டுப் பனிமூட்டத்தில் சட்டைப்பையில் வைத்தாலே ஈரம் ஏறும், முடிந்தால் 67. ஆனால் இந்த எண் எல்லாம் ஹெட்செட் ஓட்டையின் ரப்பர் மூடி இறுக்கமாக இருந்தால்தான். அதுதான் முதலில் பிய்ந்து தொங்கும். பேசும் பட்டனின் ரப்பர் வெடித்தால் அடுத்த வழி அது. சார்ஜ் முனைகள் கறுத்திருந்தால் பென்சில் அழிக்கும் ரப்பரால் தேயுங்கள், உப்புத்தாள் வேண்டாம், முலாம் போய்விடும். ஒலிபெருக்கித் துளையில் தண்ணீர் நின்றால் குரல் அடைத்த மாதிரி வரும். செட்டைக் கவிழ்த்து உதறினால் தெளியும்.

அஸ்தம்பட்டி ஹாம் | அக்டோபர் 6, காலை 9.00

லேடீஸ் சீட் கணக்கில் ஒரு பிழை வரும், முன்கூட்டியே சொல்கிறேன். 30 டெசிபெல் கையிருப்பு விளிம்பில் நின்றால் மட்டும். அங்கிருந்து ஊரைப் பார்க்கும் கோணம் கீழே சுமார் 5 பாகை. ஒன்றரை மீட்டர் உயரத்தில் செட்டைப் பிடித்துக்கொண்டு விளிம்பிலிருந்து 17 மீட்டர் பின்னால் வந்தால், காலடி மண்ணே மறைத்துவிடும். அடிவாரத்துக்குப் பேச இன்னும் செங்குத்து, பத்து மீட்டருக்கு மேல் தள்ளக் கூடாது.

மரத்தையும் விட்டுவிட்டீர்கள். இந்த அலைவரிசையில் 100 மீட்டர் அடர்ந்த மரக்கூட்டம் கிட்டத்தட்ட 15 டெசிபெல். காப்பித் தோட்டத்தில் நிழலுக்கு நிற்கிற சில்வர் ஓக், மழையில் நனைந்து நின்றால் அதற்கும் மேலே.

அடிவாரம் | அக்டோபர் 6, காலை 9.45

ரெண்டும் சரி, ஏற்றுக்கொள்கிறேன். விளிம்பில்தான் நிற்க வேண்டும் என்றால் அடுத்த வரியையும் எழுதியாக வேண்டும்: இடி மின்னல் இருக்கும்போது லேடீஸ் சீட், பகோடா பாயிண்ட், சேர்வராயன் கோயில் உச்சி, எந்தத் திறந்த முகட்டிலும் செட்டைத் தூக்கிப் பிடித்து நிற்காதீர்கள். வண்டிக்குள்ளோ வீட்டுக்குள்ளோ இருங்கள். கடைசி இடி கேட்டு அரை மணி நேரம் கழித்துப் போனால் போதும். செய்தி காத்திருக்கும்.

இடம் தேட எளிய வழி: இரவில் தம்பி வீட்டு மொட்டை மாடியில் பெரிய டார்ச் அடிக்கச் சொல்லுங்கள். வெளிச்சம் கண்ணுக்குப் பட்டால் குரலும் படும். நாகலூரிலிருந்து கொண்டப்பநாயக்கன்பட்டி நேராக எட்டாது, நடுவில் மலைமேடு முழுக்கக் கிடக்கிறது. தெற்கு விளிம்பில் ஒரு ஆள் நின்று வாங்கிச் சொல்ல வேண்டும். ஒருவர் போதாமலும் போகலாம். ஆகவே ரெண்டு செட் இல்லை, ஐந்து செட் கணக்கிடுங்கள். ஒரே மாதிரி ஐந்து.

நாகலூர் தோட்டம் | அக்டோபர் 6, இரவு 8.30

அப்போ ஹாம் லைசென்ஸ் எடுத்துட்டா இந்தக் கஷ்டம் இல்லையா? சி.பி. ரேடியோனு ஒண்ணும் சொல்றாங்களே?

அஸ்தம்பட்டி ஹாம் | அக்டோபர் 7, காலை 6.40

எடுக்கலாம், எடுக்கணும். 12 வயது முடிந்தால் தேர்வு எழுதலாம். ரெஸ்ட்ரிக்டட் கிரேடுக்கு மோர்ஸ் கிடையாது. 144–146 மெகாஹெர்ட்ஸில் பேசினால் காட்டுக்குள் 446ஐ விட மேல், மரம் விழுங்குவது குறைவு. குரலை வாங்கி உயரத்திலிருந்து திருப்பி அனுப்பும் ரிப்பீட்டர் எட்டினால் மலைக்கு அந்தப் பக்கமும் கேட்கும். ஆனால் பேசுகிற இரண்டு பக்கமும் உரிமம் வேண்டும், தம்பிக்கும் சேர்த்து. தோட்ட வேலை, கூலி, லோடு பேச அது ஆகாது. இந்த மழைக்குள் உரிமமும் கைக்கு வராது.

அடிவாரம் | அக்டோபர் 7, காலை 7.30

சி.பி. என்பது சிட்டிசன் பேண்ட், 26.957–27.283 மெகாஹெர்ட்ஸ், 5 வாட் வரை, 2005லிருந்து உரிமம் வேண்டாம். முகட்டைத் தாண்டி வளைந்து போவதில் அது 446ஐ விடக் கெட்டி. ஆனால் அந்த அலைக்குப் பொருத்தமான கால் அலை ஆன்டெனா, அதாவது அலைநீளத்தில் கால் பங்கு, 2.75 மீட்டர். கைச்செட்டில் விரல் நீளத்துக்குச் சுருட்டி வைத்தால் சக்தி பெரும்பகுதி சூடாகப் போய்விடும். 446க்குக் கால் அலை 17 சென்டிமீட்டர், கையில் அடங்குகிறது. அதனால் 446தான்.

சாட்டிலைட் போன் என்று யாராவது கிளம்புவதற்கு முன்னால்: இந்தியாவில் அனுமதி இல்லாமல் அதை வைத்திருந்தால் கைது வரை போகும். தொடாதீர்கள்.

அடிவாரம் | அக்டோபர் 9, இரவு 10.10

வாங்கிய பிறகு பெரும்பாலும் தடுக்கி விழுகிற இடம் டோன். 'பிரைவசி கோடு' என்று பெட்டியில் பெருமையாகப் போட்டிருக்கும். அது ரகசியம் காக்காது. உங்கள் பேச்சை யாரும் கேட்கலாம். ஒத்த டோன் இல்லாத குரலை உங்கள் காதில் விடாமல் அடைக்கிறது, அவ்வளவுதான். ஒரு செட்டில் டோன் 12, இன்னொன்றில் பூஜ்யம் என்றால் பூஜ்யக்காரர் எல்லாம் கேட்பார், 12காரர் ஒன்றும் கேட்கமாட்டார், செட் ரிப்பேர் என்று மூலையில் போட்டுவிடுவார். அவசரத்துக்கு டோன் பூஜ்யம். எல்லாச் செட்டிலும். பிறகு கீபேடைப் பூட்டுங்கள், பையில் உரசி சேனல் மாறுவது அப்போது நிற்கும்.

குரல் கேட்டவுடன் தானாகப் பேசுகிற வாக்ஸ் வசதியையும் அணையுங்கள். காற்றும் ஓட்டுக்கூரை மழைச் சத்தமும் அதைத் திறந்துவிடும். ஒரு செட் திறந்துகிடந்தால் அந்தச் சேனலே மற்ற நாலு பேருக்கும் அடைபட்டது.

டிஜிட்டல் வகை வாங்கலாமா என்று தனியாக ஒருவர் கேட்டிருந்தார். வேண்டாம். அனலாக்கில் இரைச்சலுக்குள்ளும் பாதி வார்த்தை பிடிபடும். டிஜிட்டல் ஓரத்தில் சட்டென்று அறுந்துபோகும். அனலாக் செட்டோடு டிஜிட்டல் முறையில் பேசவும் ஆகாது.

அடிவாரம் | அக்டோபர் 11, காலை 6.00

பேசுகிற முறை. செட்டை விடவும் இது முக்கியம் என்று இப்போது படுகிறது, முதல் நாளே எழுதியிருக்க வேண்டும்.

பட்டனை அழுத்தி, ஒரு நொடி கழித்து வாயைத் திறங்கள். எதிர்ச் செட் தூக்கத்திலிருந்து விழிக்க அந்த நேரம் வேண்டும். அதேபோல் கடைசிச் சொல் முடிந்து அரை நொடி கழித்துத்தான் விரலை எடுக்க வேண்டும். இல்லாவிட்டால் முதல் அசையும் கடைசி அசையும் போகும். தமிழில் அது எவ்வளவு ஆபத்து என்று பாருங்கள். 'எண்பது'க்கும் 'ஒன்பது'க்கும் முதல் அசையில்தான் வித்தியாசம். 'வர வேண்டும்', 'வர வேண்டாம்' இரண்டும் வால் அறுந்தால் ஒன்றே. மண் சரிந்த சாலையில் ஒருவரை வரச் சொல்வதும் தடுப்பதும் அந்த ஒரு அசையில் நிற்கிறது. ஆகவே வேண்டும், வேண்டாம் இரண்டையும் செட்டில் சொல்லாதீர்கள். 'நில்லுங்க', 'கிளம்புங்க'. ரெண்டு தடவை. எதிரில் கேட்டவர் திருப்பிச் சொல்ல வேண்டும்.

எண்ணை ஒவ்வொரு இலக்கமாக: எண்பது இல்லை, 'எட்டு, பூஜ்யம்'. தொண்ணூறும் தொள்ளாயிரமும் இரைச்சலில் ஒன்றாகிவிடும், அங்கேயும் இப்படித்தான்.

வளைவைச் சொல்லும்போது 'மேலிருந்து மூணாவது' என்பது குழப்பம். 20 கொண்டை ஊசி வளைவுக்கும் பலகையில் எண் இருக்கிறது, அந்த எண்ணையே சொல்லுங்கள். வந்த பாதையையும் சேர்த்து: அடிவாரம் வழியா, குப்பனூர் வழியா.

செட் நேராக நிற்க வேண்டும், வாயிலிருந்து நாலு விரல் தள்ளி. இடுப்பில் மாட்டிக்கொண்டு மைக்கில் பேசினால் உடம்பே 10 டெசிபெல்லுக்கு மேல் குடித்துவிடும். 5 வாட்டுக்கு ஆசைப்பட்டோமே, அந்த 10 டெசிபெல் இதோ, காசில்லாமல். கேட்கவில்லையா, தலைக்கு மேல் தூக்குங்கள். நாலடி நகருங்கள்.

112, 108, மாவட்டப் பேரிடர் கட்டுப்பாட்டு அறை 1077, இவை எதற்கும் இந்தச் செட்டிலிருந்து நேராகப் பேச முடியாது. டவர் எடுக்கிற ஒருவரிடம் செய்தி போய்ச் சேர வேண்டும், அவர் போனில் சொல்ல வேண்டும். அந்த ஒருவர் யார் என்று இப்போதே முடிவு செய்யுங்கள்.

பட்டறை | அக்டோபர் 11, இரவு 9.15

கடையில சோதிக்கறவங்களுக்கு: ரெண்டு செட்டையும் மேஜை மேல வச்சுப் பேசிப் பாத்தா எந்தச் செட்டும் கேக்கும். ஒண்ணைக் கடையில விட்டுட்டு ரெண்டு தெரு தள்ளி, கான்கிரீட் கட்டடம் தாண்டி நின்னு பேசுங்க. அஞ்சு செட்டையும் மாத்தி மாத்தி. ஒண்ணு மட்டும் மந்தமா இருந்தா அதைத் திருப்பிக் குடுங்க.

நாகலூர் தோட்டம் | அக்டோபர் 19, மாலை 5.20

அஞ்சு செட் வந்துச்சு. ஐபி67, லித்தியம், சேனல் 5, டோன் பூஜ்யம். வீட்டுல இருந்து களம் தெளிவா கேக்குது. களத்துல இருந்து லைன் வீடு சுத்தமா இல்லை. தண்ணித் தொட்டி மேல ஏறினா ரெண்டு பக்கமும் கேக்குது. தெற்கு விளிம்புல இருந்து தம்பி மொட்டை மாடி கேக்குது, அவன் வீட்டுக்குள்ள போனா இல்லை. நாகலூர்ல இருந்து விளிம்பு வரைக்கும் நடுவுல ஒரு ஆள் வேணும்.

அடிவாரம் | அக்டோபர் 19, இரவு 7.00

தொட்டி மேல் ஏறுவதை மழையில் செய்யாதீர்கள், பாசி வழுக்கும். தொட்டிக்குப் பக்கத்தில் அதே உயரத்தில் தரை இருக்கிறதா என்று பத்துப் பதினைந்து மீட்டர் சுற்றிப் பாருங்கள். இந்த அலை 67 சென்டிமீட்டர் நீளம்தான், அரையடி நகர்ந்தாலே குரல் எழுவதும் விழுவதும் உண்டு. கேட்கிற இடத்தில் பாறையிலோ மரத்திலோ வெள்ளைப் பெயிண்டில் வட்டம் போடுங்கள், இருட்டில் டார்ச்சுக்குத் தெரியும்.

நல்ல மழை பெய்து முடிந்த அன்றே இன்னொரு தடவை அத்தனை இடத்திலும் பேசிப் பாருங்கள், இலை நனைந்து தொங்கும்போது. இன்றைக்குக் கேட்டதில் ஒன்றிரண்டு விழும். மணிக்கு ஒருமுறை திறக்கும் கணக்கைத் தம்பி வீட்டிலும் எழுதி ஒட்டியாகிவிட்டதா? அவர் மாடிக்கு ஏற ஐந்து நிமிடம் முன்னால் எழும்ப வேண்டும், அதையும் எழுதுங்கள். நடு ஆளுக்கு ஆறாவதாக ஒரு செட் வாங்கிவிடுங்கள்.